ப்ராக் ஃபோக்கும் பண்ணைப்புரமும்

ஹெட்போனை மாட்டிக்கிட்டு பிங்க் ஃப்ளாய்ட் கேக்குற ஒரு குரூப் எல்லா ஹாஸ்டல்லயும் இருக்கும். அவங்களுக்கும், "அது என்னடா இருபது நிமிஷத்துக்கு ஒரு பாட்டு?"ன்னு கேக்குறவங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பாடம். இந்த இதழில் ப்ராக்ரசிவ் ராக்கின் பங்காளியைப் பார்ப்போம்: ப்ராக்ரசிவ் ஃபோக்.

விஷயம் இதுதான். ஊர்ப்பாட்டின் மெட்டை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் பாடி முடிக்காமல், நடுவில் தாளத்தை உடைப்பார்கள், வேறு ஸ்கேலுக்குத் தாவுவார்கள், வயலினையும் புல்லாங்குழலையும் கிட்டாரோடு மோத விடுவார்கள். 70-களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இப்படி நிறைய இளைஞர்கள் கிளம்பினார்கள். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் பேரெடுத்தது. மற்ற பலர் காணாமல் போனார்கள்.

அதில் இரண்டு ஆல்பம் மட்டும் சொல்றேன். ஒன்று, கோமஸ் குழுவின் 'ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்' (1971). அட்டைப் படத்தைப் பாத்தாலே பயமா இருக்கும். பாடகர் ரோஜர் வூட்டனே வரைந்தது. பாட்டு அதைவிடப் பயங்கரம். அப்போது விற்கவில்லை. ஆனால் நம்ம மெட்டல் பார்ட்டிகள் கொண்டாடும் ஓபத், 1998-இல் ஒரு ஆல்பத்துக்குப் பெயர் வைத்ததே கோமஸ் பாட்டின் ஒரு வரியிலிருந்துதான். இன்னொன்று, டப்ளினைச் சேர்ந்த மெல்லோ கேண்டிலின் 'ஸ்வாட்லிங் சாங்ஸ்' (1972). பள்ளிக்கூடத் தோழிகள் இரண்டு பேர் பாடியது. அதுவும் ஓடவில்லை. குழு கலைந்தது.

நம்ம நாட்டில்? கல்கத்தாவின் மொஹீனேர் கோராகுலி. பாவுல் பாட்டையும் கிட்டாரையும் சேர்த்து 1977, 78, 79 என்று வருஷத்துக்கு ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். அன்றைக்குக் கேட்க ஆளில்லை. பின்னாளில் வந்த அவர்களின் ஒரு மெட்டு, 2006-இல் 'கேங்ஸ்டர்' படத்தில் இந்திப் பாட்டாகி நாடே முணுமுணுத்தது.

சரி, மதுரைக்கு வருவோம். இங்கே அப்படி ஒரு பேண்ட் இருந்ததா என்று தேடினால் கிடைக்காது. தேடுற இடம் தப்பு. இங்கே பேண்ட் என்பது கட்சி மேடையில் இருந்தது.

பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டம். 1996 வரை மதுரை மாவட்டம்தான். அந்த ஊர் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். நாட்டுப்புற மெட்டு, சினிமா மெட்டு எதுவானாலும் அதில் கூலியையும் நிலத்தையும் பற்றிய சொல்லை ஏற்றிவிடுவார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே அவர் பாட்டுத்தான் பிரச்சாரம். தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் மூவரும் பின்னர் அவருடன் ஊர் ஊராகச் சுற்றினார்கள். கடைசி இருவரைத்தான் இளையராஜா, கங்கை அமரன் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த 'ப்ராக்ரசிவ்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிங்க. லண்டனில் அதற்கு அர்த்தம் இசையின் வடிவத்தை முன்னே தள்ளுவது. மதுரையில் 'முற்போக்கு' என்றால் அரசியல். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975-இல் தொடங்கியதும் மதுரையில்தான். நம்ம பக்கம் முதலில் முன்னே போனது சொல். ஒலி அப்புறம்தான் வந்தது.

வந்த வழி சினிமா. இளையராஜா சென்னை போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். 1976-இல் 'அன்னக்கிளி'. அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1973-இல், அண்ணன் இறந்துவிட்டார்.

இங்கே காது கொடுத்துக் கேக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கிராமத்து மெட்டு ஒற்றைக் கோடு. அதற்கு கார்டு என்று எதுவும் கிடையாது. அடியில் கிட்டார் கார்டுகளை அப்படியே அடுக்கினால் மெட்டின் வளைவு நெளிவு செத்துப்போகும், பஜனைக்கு ஆர்மோனியம் வாசித்த மாதிரி ஆகிவிடும். இளையராஜா பல பாடல்களில் பாஸ் கிட்டாருக்குத் தனியாக ஒரு மெட்டு எழுதினார். மேலே குரல் ஒரு பாதை, கீழே பாஸ் இன்னொரு பாதை. '16 வயதினிலே' (1977) படத்தின் 'செந்தூரப்பூவே' பாட்டை மூணு தடவை போடுங்க: முதல் தடவை ஜானகி குரல் மட்டும், அடுத்து பாஸ் மட்டும், அப்புறம் இடையிசை மட்டும். ஜானகிக்கு தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு. எழுதியவர் கங்கை அமரன். என்னைக் கேட்டால் இது கோமஸுக்கு எந்த விதத்திலும் குறைந்த ப்ராக் ஃபோக் இல்லை. நாலு நிமிஷ சினிமாப் பாட்டுக்குள் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் கணக்கில் ஒன்று இடிக்கிறது. ஒலி சென்னைக்குப் போனபோது மேடையில் இருந்த கூலியும் நிலமும் கூடவே போகவில்லை. பாட்டில் காதல் வந்தது, தாலாட்டு வந்தது. இது இளையராஜா மேல் சொல்லும் குற்றம் இல்லை. தயாரிப்பாளர் கேட்டது அது. அந்தச் சொல்லைப் பின்னால் தூக்கிக்கொண்டு போனவர் சிவகங்கைப் பக்கத்து மாரந்தையில் பிறந்த கே.ஏ.குணசேகரன். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை மேடை மேடையாகப் பாடியவர் அவர். அதைக் கேட்டுட்டு உடனே 'செந்தூரப்பூவே' கேளுங்க. ரெண்டும் ஒரே மண்ணிலிருந்து பிரிந்த கிளைகள்.

ஒரு சின்ன வேலையும் இருக்கு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், கணவரோடு ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரித்தவர். உங்க கையில் இருக்கிற போன் அதற்குத் தாராளமாகப் போதும். லீவுக்கு ஊருக்குப் போனால் அப்பத்தாவையோ, கட்சி மேடையில் பாடிய பெரியப்பாவையோ ஒரு பாட்டு பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்க. ஃபைலுக்குப் பேர் வைக்கும்போது பாடினவர் பெயர், ஊர், தேதி மூணையும் சேர்த்து எழுதிடுங்க.