பொதுச் சுகாதாரத் தாதியர் சேவையின் அடிப்படைகள்

திருக்குறளிலே ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் ஈற்றில் மருத்துவத்தின் உறுப்புக்கள் நான்கெனக் கூறப்படுகின்றன. நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு, நோயாளியின் பக்கத்திருந்து பணிபுரியும் உழைச்செல்வானையும் ஓருறுப்பாக வள்ளுவர் எண்ணினார். மருத்துவராய் உயர்ந்த பழைய மாணவரை நமது விழா மலர்கள் போற்றுகின்றன, அது தக்கதே. ஆயின், அந்நான்காம் உறுப்பை நாம் போதிய அளவு கருதுவதில்லை. நாட்டின் சுகநலம் வைத்தியசாலை வாயிலில் அன்று, வீட்டு முற்றத்திலேயே தொடங்குகின்றது. அம்முற்றத்தை நாடிச் செல்லும் தாதியரின் சேவை எவ்வாறு தோன்றியது, எவற்றை அடிப்படையாகக் கொண்டது என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

தோற்றம்

1859ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர வணிகரான வில்லியம் றத்போன் என்பார் தம் மனைவியை இழந்தார். அவ்வம்மையாரை இறுதிக் காலத்திற் பராமரித்த மேரி றொபின்சன் என்னும் தாதியை, வறியோர் வீடுகளுக்குச் சென்று பணிபுரியுமாறு மூன்று மாதத்துக்கு அவர் அமர்த்தினார். ஆங்குக் கண்ட துன்பத்தைத் தாங்கமாட்டாத தாதி தம்மை விடுவிக்குமாறு வேண்டினார். றத்போன் ஊக்கமளிக்கவே பணியைத் தொடர்ந்தவர், தவணை முடிந்தபின் அதனை விட்டு நீங்க மனங்கொண்டிலர். நோயாளர் தேறியதோடு, வீட்டாரும் தூய்மையையும் பராமரிப்பையும் கற்றுக்கொண்டமையே அதற்குக் காரணம். பின்னர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் ஆலோசனையுடன் தாதியர் பயிற்சிப் பள்ளியொன்று நிறுவப்பட்டது. நகரும் 18 வட்டாரங்களாக வகுக்கப்பட்டது.

1887இல் விக்டோரியா மகாராணியாரின் பொன்விழாவுக்கெனப் பெண்கள் திரட்டிய நிதியின் பெரும்பகுதி, வீடுதோறும் செல்லும் தாதியரைப் பயிற்றுதற்கே வழங்கப்பட்டது. யூபிலி கொண்டாடும் நாம் இதனை நினைவுகூர்தல் பொருத்தமாகும்.

1893இல் நியூயோர்க் நகரில், குடியேறிய ஏழைப் பெண்களுக்கு இல்லப் பராமரிப்பைக் கற்பித்துவந்த லில்லியன் வோல்ட் என்னும் தாதியைச் சிறுமி ஒருத்தி வந்து அழைத்தாள். உடன்சென்ற அவர், பிரசவத்தின்பின் கவனிப்பாரின்றிக் குருதி பெருகிக் கிடந்த தாயைக் கண்டார். அந்நாள் முதலாக அம்மக்களிடையே வாழ்ந்து பணிபுரியத் துணிந்தார். ‘பொதுச் சுகாதாரத் தாதி’ என்னும் பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

அடிப்படைகள்

இச்சேவையின் முதல் அடிப்படை, தனி நோயாளியை விடுத்துக் குடும்பத்தை நோக்குதல். கிணற்றுக்கும் மலகூடத்துக்கும் இடையிலுள்ள தூரம், உழைப்போரின் வருவாய், பிள்ளைகளின் உணவு ஆகிய யாவும் தாதி அறியவேண்டியனவே.

இரண்டாவது, வருமுன் காத்தல். நோயாளி அழைக்கும்வரை காத்திராது, நோய் இல்லாத காலத்திலேயே தாதி செல்கின்றார்.

மூன்றாவது, கற்பித்தல். கர்ப்பவதிக்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தல் எளிது; அவர் அதனைத் தேநீருடன் விழுங்கின் உடல் அச்சத்தை முற்றும் ஏற்காது. தேநீரைத் தவிர்த்துத் தேசிக்காய்ச் சாறோ பழமோ சேர்த்துக்கொள்ளுமாறு சொல்வதற்கு, அவர் எப்போது எதனுடன் உட்கொள்கிறார் என்பதை முதலில் அறிதல் வேண்டும். கேளாமற் கற்பித்தல் பயன்தராது.

நான்காவது, வரையறுத்த பகுதியும் பதிவேடும். சிகிச்சை நிலையத்துக்கு வந்தோரை எண்ணுதல் எவர்க்கும் இயலும். வராதோர் யாவர் என்று காட்டுவதே பதிவேட்டின் பயன். தடுப்பூசிக்கு வராத குழந்தையின் பெயரைக் கண்டு அன்றே அவ்வீட்டுப் படலையைத் திறந்து செல்பவரே உண்மைத் தாதி.

இலங்கையில்

நம் நாட்டில் இவ்வடிப்படைகள் உருப்பெற்றது 1926இலாகும். றொக்பெல்லர் தாபனத்தின் துணையுடன் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அவ்வாண்டிலே தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்ட 1934-35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோய்க்குப் பின் இவ்வமைப்பு விரைந்து பரவியது. சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ்ப் பொதுச் சுகாதாரத் தாதி, பரிசோதகர், மருத்துவமாது என்போர் ஒன்றிணைந்து கடமையாற்றினர். ஏறத்தாழ 3,000 மக்களுக்கு ஒரு மருத்துவமாது என்பது குறிக்கோளாயிற்று. நடந்தும் துவிச்சக்கரவண்டியிலும் அவர் சென்று காணாத கிராமம் அரிது.

இதன் பயன் என்ன? 1930களில் உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு 100,000 குழந்தைகளுக்கும் 2,000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். அண்மைக்காலத்தில் அத்தொகை 50க்கும் குறைந்துள்ளது. இலவசக் கல்வி, இலவச வைத்தியம், குருதி வங்கி, புதிய மருந்துகள் என்பனவும் இதற்குக் காரணங்களே. ஆயினும், ஆபத்துள்ள தாயை உரிய காலத்தில் இனங்கண்டு வைத்தியசாலைக்கு அனுப்பியவர் முற்றத்தில் நின்ற மருத்துவமாது என்பதை மறத்தலாகாது.

இன்றைய கடமை

இன்று தாய் சேய் நலத்தோடு வேறொரு பொறுப்பும் நம்மை எதிர்நோக்குகின்றது. நீரிழிவு, உயர் குருதியமுக்கம், முதுமை என்பன ஒருநாட் சிகிச்சையால் தீர்வன அல்ல. யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றிற் பிள்ளைகள் கடல்கடந்து வாழ, முதியோர் தனித்திருக்கின்றனர். அப்பிள்ளைகளில் நம் பழைய மாணவரும் உளர். அவர் அனுப்பும் பணம் மருந்தை வாங்கும். ஆனால், தாயின் காலிலுள்ள சிறு புண்ணைக் குனிந்து பார்க்குமா? தந்தை குளிசையை மறந்த நாளை அறியுமா? அவர்கட்கு வேண்டுவது வள்ளுவர் கூறிய உழைச்செல்வானே. தாய்க்கும் சேய்க்கும் அமைந்த பதிவேடும் வீட்டுத் தரிசனமும் முதியோர்க்கும் முறையாக அமைதல் வேண்டும்.

ஆதலின், மாணவர்காள்! தாதியர் சேவையைப் பெண்களுக்கே உரியதென்றோ, மருத்துவக் கல்வி வாய்க்காதார் மேற்கொள்ளும் தொழிலென்றோ எண்ணற்க. வள்ளுவர் நான்கினையும் ஒருங்கே வைத்தெண்ணினார். பழைய மாணவர்களே! நும் ஊரின் மருத்துவமாது படலையிலே அழைக்கும்போது, அவரை வரவேற்று அமரச் செய்து கேட்பதற்கு விடையளியுங்கள். அவ்வரவேற்பின்றி மேற்கூறிய அடிப்படைகளில் ஒன்றும் நிலைபெறாது.