வல்வெட்டித்துறை: கடலோடிகளின் பட்டினம்

துறைமுகம் என்றதும் திருகோணமலையைப் போன்ற ஆழ்ந்த குடாவே மாணவர் மனத்தில் தோன்றும். நெல்லியடிக்கு வடமேற்கே சில கட்டைத் தொலைவிலுள்ள வல்வெட்டித்துறைக்கு இயற்கை அவ்வரணை அளித்திலது. கரையோரம் முருகைக்கற் பார். அதற்கப்பால் திறந்த கடல். பெரிய பாய்க்கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க, சரக்குகள் தோணிகளால் ஏற்றி இறக்கப்பட்டன. ஆகவே, அவ்வூரைத் துறையாக்கியது நில அமைப்பன்று, மக்களின் தொழிற்றிறனே என்பது யாம் ஈண்டுக் காட்ட விழைவது.

சோளகமும் வாடையுமே அக்கடலோடிகளின் நாட்காட்டி. பகலிற் காற்றையும் இரவில் விண்மீனையும் துணைக்கொண்டு நாகபட்டினம் முதல் இரங்கூன் வரை அவர்கள் சென்றனர். புகையிலை முதலியன இங்கிருந்து போயின. அரிசி, ஓடு, தேக்கு என்பன வந்தன. வாணிகத்தில் ஈட்டிய பொருள் அறத்துக்கும் பயன்பட்டது. கப்பலுடையாரான வெங்கடாசலம்பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுப்பித்த வைத்தீசுவரன் கோயில் அதற்குச் சான்று.

இத்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் இருபாய்மரக் கப்பலை, முன்னரே சிறுபடகில் உலகை வலம்வந்த அமெரிக்கராகிய வில்லியம் ஆல்பேட் ரொபின்சன் விலைக்கு வாங்கினார். அது 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' எனப் புதுப்பெயர் பூண்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளாற் செலுத்தப்பட்டு, சுயஸ் கால்வாய் வழியாகச் சென்று அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. வடமராட்சித் தச்சரின் உளிக்கும் மாலுமியரின் கணிப்புக்கும் பெருங்கடலே சான்றிதழ் வழங்கிற்று எனலாம்.

இத்துணைச் சிறப்பும் தளர்ந்தமைக்குக் காரணம் திறன்குறைவன்று. இயந்திரக் கப்பல்கள் பாய்க்கப்பல்களின் சரக்கைக் கவர்ந்தன. 1942இல் இரங்கூன் யப்பானியர் வசமாக, பர்மா வாணிகம் முறிந்தது. 1948ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தின் பின், ஓரிரவிற் கடந்த நீரிணை அயல்நாட்டெல்லையாயிற்று. தந்தையர்க்கு வாணிகமாக இருந்தது மைந்தர்க்குக் கள்ளக் கடத்தல் எனப் பெயர்பெற்றது. சட்டத்தை மீறுதல் தக்கதென யாம் கூறோம். ஆயினும், பழந்தொழிலை இழந்த ஊருக்கு மாற்றுத்தொழில் வகுக்காத சட்டம் அரைப்பணியே செய்தது என்பதை வரலாறு மறத்தலாகாது.

பெருங்கப்பல் கட்டும் தொழில் அத்துறையில் இன்று இல்லை. அணியம், ஏரா, சுக்கான் முதலிய சொற்களும், காற்றறிந்து பாய்மாற்றும் நுட்பமும் முதியோர் நாவிலேயே எஞ்சியுள்ளன. அவரோடு அவையும் மறைந்தால் எந்நூலைப் புரட்டியும் மீட்டல் அரிது. ஆதலின், மாணவர்காள், விடுமுறையில் ஒருநாள் குறிப்பேட்டுடன் அக்கரைக்குச் செல்லுங்கள்; கேட்டதைக் கேட்டவாறே எழுதிவையுங்கள். பழைய மாணவர் அவற்றை அச்சேற்ற உதவுவாராயின், இவ்விழா ஆண்டிற்கு அதனினும் தக்க பணி பிறிதில்லை.