பணியிடம் பலவாயின் கார் காப்பீடு செல்லுமா?

வீடு ஒன்று, அலுவலகம் ஒன்று என்ற நிலை நகரங்களில் மாறி வருகிறது. கொல்கத்தாவின் தென்பகுதியான காளிகாட்டில் குடியிருக்கும் கணக்குத் தணிக்கையாளர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர் திங்களன்று பி.பி.டி. பாக்கிலும், செவ்வாயன்று சால்ட் லேக்கிலும், புதனன்று வித்யாசாகர் சேதுவைக் கடந்து ஹௌராவிலும் பணி செய்கிறார். எங்கும் தம் சொந்தக் காரிலேயே செல்கிறார். வழியில் விபத்து நேர்ந்தால், ஒரே பாலிசி இம்மூன்று இடங்களுக்கும் செல்லுபடியாகுமா?

பிரிட்டனில் இவ்வினா பெரிதும் எழுகிறது. அங்கே வீட்டிலிருந்து நிலையான ஒரே பணியிடத்திற்குச் சென்று வருவது ஒரு வகையாகவும், பல பணியிடங்களுக்குச் செல்வது தொழிற் பயன்பாடு என்ற மற்றொரு வகையாகவும் பொதுவாகப் பிரிக்கப்படுகின்றன. பின்னதற்குத் தனியே ஒப்புதல் பெறவேண்டும்.

நம் நாட்டின் நிலை

இந்தியாவில் தனியார் கார் பாலிசியில் அத்தகைய பாகுபாடு இல்லை. 2002 ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டணத் தொகுப்பு வகுத்த வாசகம், சில பயன்பாடுகளை விலக்கி, ஏனைய எல்லாவற்றையும் ஏற்கிறது. விலக்கப்பட்டவை: வாடகைக்கோ ஊதியத்திற்கோ ஓட்டுதல், மாதிரிப் பொருள்களும் சொந்த மூட்டைகளும் நீங்கலாகச் சரக்கு ஏற்றுதல், பந்தயம், வேகச் சோதனை போன்றவை, மோட்டார் வணிகம் தொடர்பான பயன்பாடு. 2007இல் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்த பின்னரும் இவ்வாசகமே பெரிதும் வழக்கில் உள்ளது.

ஆகவே வினா, “எங்கே சென்றார்?” என்பதன்று, “கார் எதற்குப் பயன்பட்டது?” என்பதே. பாலிசியின் நிலப்பரப்பு இந்தியா முழுவதும் ஆதலால், பி.பி.டி. பாக்கும் ஹௌராவும் அதற்கு ஒன்றே. தம் பணிக்காகத் தாமே ஓட்டிச் செல்லும் தணிக்கையாளருக்குப் பணியிட எண்ணிக்கையால் இடர் ஏதுமில்லை.

எனினும் ஒரு விதிவிலக்கைக் கருத்தில் கொள்ளவேண்டும். ஓட்டும் தூரத்திற்கேற்பப் பிரீமியம் செலுத்தும் கூடுதல் திட்டங்களைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதித்தது. குறைந்த கிலோமீட்டருக்கு இசைந்து பாலிசி எடுத்தவர், பணியிடங்கள் பெருகும்போது அவ்வெல்லையைத் தாண்டிவிடக்கூடும்.

எல்லைக்கோடு எது?

சக ஊழியர் இருவரைக் கட்டணமின்றி ஏற்றிச் செல்வது வாடகை ஆகாது. அதையே தலைக்கு இவ்வளவு என வசூலித்து நாள்தோறும் நடத்தினால் நிலைமை மாறுகிறது. விபத்து நேரின், காரின் சேதத்திற்கான உரிமைக்கோரிக்கை மறுக்கப்படலாம் அல்லது குறைக்கப்படலாம். தனியார் கார் வாடகைக்கு விடப்பட்ட ஒரு வழக்கில், காப்பீட்டு நிறுவனம் முழுவதும் மறுத்தது சரியன்று என்றும், ஒரு பகுதியை வழங்கவேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் உரிய பர்மிட் இன்றி வாடகைக்கு ஓட்டுவது தனிக் குற்றமுமாகும்.

மூன்றாம் நபரின் பாதுகாப்பு வேறு வகையானது. கட்டாயக் காப்பீடு நம் நாட்டில் 1946 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இன்று அது 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146 ஆம் பிரிவில் அடங்கியுள்ளது. இதன் நோக்கம் சாலையில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு கிட்டச் செய்வதே. உரிமையாளர் பாலிசி நிபந்தனையை மீறிய வழக்குகளிலும், நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குத் தொகையைச் செலுத்தி, பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்குமாறு நீதிமன்றங்கள் ஆணையிடுவதுண்டு.

உடன் பயணம் செய்வோரின் நிலையும் பாலிசியின் வகையைப் பொறுத்தது. சட்டம் கோரும் குறைந்த அளவுப் பாலிசி, இலவசமாக உடன் வருவோருக்குப் பொதுவாகப் பாதுகாப்பு அளிப்பதில்லை. முழுமைப் பாலிசி அளிக்கிறது என்பதை உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவுபடுத்தியது.

ஓட்டுபவரின் உயிருக்கு

கார் பாலிசியில், ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு 2018 முதல் வகுக்கப்பட்டுள்ளது. இது உயிரிழப்புக்கும் நிலையான ஊனத்திற்கும் உரியது. மருத்துவமனைச் செலவுக்கு அன்று. செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இதற்கு இன்றியமையாதது.

ஊழியரின் காயத்திற்கு முதலாளி பொறுப்பா என்பது தனி வினா. வீட்டிற்கும் பணியிடத்திற்கும் இடையே நேரும் விபத்தையும் பணியின்போது நேர்ந்ததாகக் கருதும் 51-ஈ பிரிவு, ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் 2010இல் சேர்க்கப்பட்டது. விபத்தின் சூழல், நேரம், இடம் ஆகியவற்றிற்கும் பணிக்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. இதே நெறி இழப்பீட்டுச் சட்டத்திற்கும் பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர், அதிகாலை 3 மணிப் பணிக்குச் செல்லும் வழியில் 2003இல் உயிரிழந்த வழக்கு அது. அவர் குடும்பம் இருபதாண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி இடம்பெற்றுள்ளது.

செய்யவேண்டியவை

பாலிசி வாங்குவோர் பிரீமியத் தொகையை மட்டும் பார்த்து அமைதல் ஆகாது. “பயன்பாட்டு வரம்பு” என்னும் பத்தி, பாலிசியின் வகை, கிலோமீட்டர் எல்லை உண்டா என்பது ஆகிய மூன்றையும் படித்தறிதல் வேண்டும். ஊழியர்களைப் பல இடங்களுக்கு அனுப்பும் அலுவலகங்கள் அப்பயணங்களுக்கு எழுத்து மூலம் ஆணை வழங்குவது நல்லது. பயணம் பணி நிமித்தமானது என்பதற்கு, பின்னாளில் அவர் குடும்பத்தின் கையில் இருக்கக்கூடிய சான்று அத்தாள் ஒன்றே ஆகலாம்.