நெடுவழி மிதிவண்டிப் பந்தயம்

கடம்பத்தூர்ப் புகைவண்டி நிலையத்தின் அருகே காலைப்பொழுதில் நின்று நோக்குவார்க்கு மிதிவண்டிகள் பல விரைந்து செல்லுதல் புலப்படும். தொழிற்சாலைக்குச் செல்வோரும் பள்ளிக்குச் செல்வோரும் அவற்றை மிதிப்பர். யானும் இளமையில் மிதிவண்டியிலேயே பள்ளி சென்றவன். ஐப்பசி மாதத்து எதிர்க்காற்றில் ஒருமணி நேரம் மிதித்தாலே தொடை கடுக்கும்.

இனி, பன்னிரண்டு நாள் இரவும் பகலும் மிதிப்பாரைப் பற்றிக் கூறுவாம். அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் தொடங்கிக் கீழைக் கடற்கரையில் முடியும் பந்தயம் ஒன்று 1982ஆம் ஆண்டில் தோன்றியது. 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' என்பது அதன் பெயர். தொலைவு ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர். தனித்து ஓட்டும் ஆடவர் அதனைப் பன்னிரண்டு நாளில் கடத்தல் வேண்டும். அஃதாவது நாள் ஒன்றுக்கு 400 கிலோமீட்டர். கடம்பத்தூரில் புறப்பட்டவன் ஒரே நாளில் திருச்சிராப்பள்ளியையும் கடந்து செல்வதனோடு இஃது ஒக்கும். இடையே பாலைநிலமும், 3,000 மீட்டருக்கு மேலுயர்ந்த கணவாய்களும் உள்ளன. ஓட்டுபவன் உறங்கினும் கடிகாரம் நில்லாது.

இத்தகைய பந்தயத்தில் முதலிற் சோர்வது கால் என்றே மாணவர் கருதுவர். பெரும்பாலும் அன்று. கழுத்தே பலரை வீழ்த்துகின்றது. நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோகிராம். முன்வளைந்து அமர்ந்தவன் வழியை நோக்குதற்குத் தலையை நிமிர்த்தியே வைத்தல் வேண்டும். அச்சுமையைத் தாங்கும் பிடரித் தசைகள் பலநாள் ஓய்வின்றி உழைத்தபின் செயலொழியும். தலை மார்பின்மேற் சாயும். கால்கள் வலியோடிருந்தும் சாலையைக் காண இயலாது! 1983ஆம் ஆண்டுப் பந்தயத்தில் மைக்கேல் ஷெர்மர் என்பார்க்கு இவ்விடர் நேர்ந்தமையின், 'ஷெர்மர் கழுத்து' என்றே இதற்குப் பெயர் வழங்குகின்றது. மோவாயைக் கையால் தாங்கி ஓட்டினோரும் உளர்.

கைப்பிடியை இடைவிடாது அழுத்துதலால் உள்ளங்கை நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போம். இருக்கை உராய்ந்து புண்ணாகும். சிறு புண்தானே என்று எண்ணற்க. வெற்றிக்குரியார் சிலரை அதுவே இறக்கிவிட்டது.

தசையிலும் கல்லீரலிலும் சேமித்துள்ள சர்க்கரை கடும் உழைப்பிற் சில மணி நேரத்தில் தீர்ந்துபோம். ஆதலின் மிதித்துக்கொண்டே உண்ணல் வேண்டும். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் வெறும் நீரையே மிகுதியாகப் பருகுதலும் தீங்காம். குருதியில் உப்புக் குறைந்து மயக்கமும் வலிப்பும் நேரும். நம் உழவர் நீராகாரத்தில் உப்பிட்டுப் பருகியது நாவின் சுவைக்காக மட்டும் அன்று போலும்.

எல்லாவற்றினும் கொடியது உறக்கமின்மை. இப்பந்தயத்தை ஐந்துமுறை வென்ற சுலோவேனிய நாட்டு யூரே ரோபிச், படைக்கலம் ஏந்திய குதிரைவீரர் தம்மைத் துரத்துவதாகக் கண்டு விரைந்ததுண்டு. சாலையில் எவரும் இலர். அறிவு தடுமாறும் அந்நேரத்தில் அவர் உண்பதையும் உறங்குவதையும் உடன்வந்த துணைவரே முடிவு செய்தனர்.

இந்தியப் படை மருத்துவர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத் 2016ஆம் ஆண்டில் இப்பந்தயத்தை இடையில் விட நேர்ந்தது. மறு ஆண்டே மீண்டும் சென்றார். 11 நாள் 18 மணி நேரத்தில் முடித்து, தனித்து ஓட்டி நிறைவு செய்த முதல் இந்தியர் ஆனார். சில மணி நேரம் கழித்து நாகபுரியைச் சேர்ந்த அமித் சமர்த்தும் எல்லையை அடைந்தார். அவரும் மருத்துவரே. 2015இல் இருவர் குழுவாக ஓட்டி முடித்த நாசிக் நகரத்து மகாஜன் உடன்பிறந்தாரும் மருத்துவரே என்பது ஈண்டுக் கருதற்பாலது.