ஹீட்டர் செத்துப்போனதா, தண்ணீர் ஓடவில்லையா?

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை. ஸ்கார்பரோவில் மைனஸ் 17 டிகிரி. நண்பர் ஒருவர் தன் மின்சார காரை என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, கையுறையைக் கழற்றாமலே பேசினார். "அண்ணா, ஹீட்டர் போயிடுச்சாம். முழு யூனிட்டையும் மாத்தணும்னு சொல்றாங்க. மூவாயிரம் டாலர் ஆகுமாம்." பின் இருக்கையில் அவருடைய மகள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். உள்ளே அவளுடைய மூச்சு புகையாகத் தெரிந்தது.

கடைசியில் அந்த ஹீட்டரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. இதே போன்ற பேச்சை ஒவ்வொரு குளிர்காலத்திலும் கேட்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: குளிர்ந்த காற்று வந்தால் ஹீட்டர் எரிந்துவிட்டது.

பெட்ரோல் காரில் எஞ்சின் வீணாக்கும் சூடுதான் நம் காலுக்கு வருகிறது. மின்மோட்டார் அவ்வளவு சூட்டை வீணாக்குவதில்லை. அதனால் சூட்டைத் தனியே உண்டாக்க வேண்டும். பல கார்களில் அந்த வேலையைச் செய்வது பிடிசி ஹீட்டர். பேரியம் டைட்டனேட்டால் ஆன பீங்கான் வில்லைகள் அதற்குள் இருக்கும். சூடு ஏற ஏற அவற்றின் மின்தடை கூடும், மின்னோட்டம் தானாகக் குறையும். சில கார்களில் இது காற்றை நேரடியாகச் சூடாக்கும். சிலவற்றில் கூலன்ட்டைச் சூடாக்கும். ஒரு சிறு பம்ப் அதை டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குத் தள்ளும். நிசான் லீஃபின் முதல் கார்கள் இந்தக் கூலன்ட் வழியில் இயங்கின. 2013 மாடலில் காற்று வழிக்கு மாறின.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஹீட்டர் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை. ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகும் ஓபிடி கருவியும் போனில் ஒரு செயலியும் இருந்தால் பல கார்களில் இதைப் படித்துவிடலாம். சில கார்கள் திரையிலேயே காட்டும்.

நண்பரின் காரும் கூலன்ட் வகைதான். அதில் சூட்டை முழுதாகத் திருப்பினேன். 5 கிலோவாட்டுக்கு ஏறியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சில நூறு வாட்டுக்கு இறங்கிவிட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஏறி, மறுபடி இறங்கியது. எரிந்துபோன ஹீட்டர் 5 கிலோவாட் இழுக்காது. இது நன்றாகவே சூடாகிறது. அந்தச் சூட்டை எடுத்துப்போக ஆள் இல்லாததால் தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது. டேஷ்போர்டில் காதை வைத்தேன். பானையில் தண்ணீர் மொள்ளுவதுபோல் களகளவென்று சத்தம். குழாயில் காற்று.

கூலன்ட் தொட்டியில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே. அது எங்கே போனது என்று தேடாமல் ஊற்றியிருந்தால் அடுத்த மாதமே திரும்பி வந்திருப்பார். ஒரு ரப்பர் குழாய் சேரும் இடத்தில் உலர்ந்த இளஞ்சிவப்புப் பொருக்கு படிந்திருந்தது. கவ்வி தளர்ந்திருந்தது. அதை மாற்றி, அந்தக் காருக்குரிய கூலன்ட்டை ஊற்றி, பம்ப்பை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினோம். ஏறக்குறைய முக்கால் லிட்டர் உள்ளே போனது.

மின்சாரம் விடாமல் கிலோவாட் கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தும் முகத்துக்குக் குளிர்ந்த காற்றே வருகிறதா? காற்றைத் திருப்பிவிடும் மடல் சிக்கியிருக்கலாம். பூஜ்யம் என்று காட்டினாலும் உடனே ஹீட்டரைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஈகோ மோடு, சார்ஜ் மிகக் குறைந்த நிலை, சோர்ந்துபோன 12 வோல்ட் பேட்டரி, பழுதான வெப்ப சென்சார் எல்லாமே ஹீட்டரை ஓடவிடாமல் தடுக்கும். இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் உயர் மின்னழுத்த ஃபியூஸும் ஹீட்டரும் சந்தேகத்துக்கு வரவேண்டும்.

நம்பிக்கை: பனியில் சிக்கினால் ஹீட்டரே பேட்டரியைத் தீர்த்துவிடும்.

2022 ஜனவரி 3, 4 தேதிகளில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலை பனியில் உறைந்தது. சிலர் 24 மணி நேரத்துக்கும் மேல் காருக்குள்ளேயே கிடந்தார்கள். மின்சார காராக இருந்தால் செத்தே போயிருப்பார்கள் என்ற பேச்சு அப்போது கிளம்பியது, இன்னும் ஓயவில்லை. கணக்குப் போடுவோம். ஒருமுறை சூடேறிய உட்புறத்தை அப்படியே வைத்திருக்க 2 கிலோவாட் ஆகிறது என்று கொள்வோம். 60 கிலோவாட்-மணி பேட்டரி பாதி நிறைந்திருந்தாலே 15 மணி நேரம் தாங்கும். இருக்கை ஹீட்டருக்கு 100 வாட்கூட வேண்டியதில்லை. அதை மட்டும் போட்டுக்கொண்டால் இன்னும் நெடுநேரம். குளிரில் ஓடும் தூரம் குறைவது உண்மைதான். உறைந்த காரை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சூடாக்க வேண்டியிருப்பதால் அந்தக் குறைவு அதிகம் தெரிவது குறுகிய பயணங்களில். சார்ஜரில் இருக்கும்போதே காரைச் சூடாக்கிவிட்டுக் கிளம்புங்கள், பாதித் தொல்லை தீரும். நார்வேயில் 2024-இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது வரை மின்சார கார்கள். அங்கே குளிருக்குப் பஞ்சமில்லை.

நம்பிக்கை: காரின் முன்பக்கம் புகை வந்தால் தீப்பிடித்துவிட்டது.

ஹீட் பம்ப் உள்ள கார் வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சுகிறது. அப்போது வெளிச்சுருளில் உறைபனி படியும். கார் அதை அவ்வப்போது உருக்கிக்கொள்ளும். அந்த நீராவிதான் அது. மணம் இருக்காது, சற்று நேரத்தில் கலைந்துவிடும். பிளாஸ்டிக் கருகும் வாடையோ கரும்புகையோ வந்தால் அது வேறு கதை: உடனே இறங்கி விலகிப் போய், தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

நம்பிக்கை: ஒரு ஃபியூஸ்தானே, நாமே மாற்றிவிடலாம்.

12 வோல்ட் ஃபியூஸ் என்றால் சரி. ஆரஞ்சு நிறக் கேபிள் போகும் இடத்தில் கை வைக்காதீர்கள். பல கார்களில் அங்கே 400 வோல்ட் அளவில் நேர்மின்சாரம் இருக்கிறது. காரை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் சற்று நேரம் தங்கியிருக்கும். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை, மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதிசெய்யும் பழக்கம், தயாரிப்பாளர் சொன்ன காத்திருப்பு நேரம் எல்லாம் தெரிந்தவரிடமே அந்த வேலையை விட வேண்டும். அந்த ஃபியூஸ் எரிந்ததற்கும் ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடாமல் புதியதைப் போட்டால் அதுவும் எரியும்.

பட்டறைக்குப் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். ஹீட்டர் எத்தனை வாட் இழுத்தது, எத்தனை விநாடியில் இறங்கியது, களகளச் சத்தம் கேட்டதா, கூலன்ட் எந்தக் கோட்டில் நின்றது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.