பேரேட்டில் கேள்விக்குறிகளா?

கணிப்பொறியில் சரக்குப் பட்டியலைத் திறந்ததும் ‘துவரம் பருப்பு’ இருந்த இடத்தில் வேறு ஏதேதோ தெரிகிறதா? பதறிப்போய் ‘சேவ்’ கொடுத்துவிடாதீர்கள். தெரிவது என்னவென்று முதலில் கவனியுங்கள்.

1. வெறும் கட்டங்கள்: கணக்கு பத்திரமாக உள்ளது. தமிழ் எழுத்துரு இல்லை. அதை நிறுவினால் போதும்.

2. தலையில் கோடும் புள்ளியும் உள்ள அன்னிய எழுத்துகள்: யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளாகப் பதிவாகிறது. வேறு முறையில் படித்தால் ஒன்று மூன்றாகச் சிதறும். சிஎஸ்வி கோப்பை எக்ஸெலில் நேரடியாகத் திறக்காமல், ‘டேட்டா’ பகுதி வழியாக எடுத்து, ‘65001 யுடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

3. வெறும் ஆங்கில எழுத்துகள்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலாக இருக்கலாம். யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள் உண்டு.

4. வரிசையாகக் கேள்விக்குறிகள்: இதுதான் ஆபத்து. பெரும்பாலும் பதிவாகும்போதே எழுத்து அழிந்திருக்கும். முன்பு எடுத்து வைத்த பிரதியிலிருந்துதான் மீட்க முடியும். தகவல்தளம், அதற்கான இணைப்பு, இணையப் பக்கம் மூன்றும் யுடிஎஃப்-8 முறையில் உள்ளனவா என்று மென்பொருள் செய்து தந்தவரிடம் கேளுங்கள்.

ஆகவே, தினமும் கடை அடைக்கும் முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பற்று வரவில் தொகை மட்டும் நின்று பெயர் அழிந்துபோனால், பாக்கியை யாரிடம் போய்க் கேட்பது?