நிரம்பிய வேர்ப்பாகம்: தூர்வாரலும் விரிவாக்கலும்

முன்னுரை

வெண்ணாற்றின் கிளையாகிய வெள்ளையாறு வேளாங்கண்ணிக்கு அருகே வங்கக் கடலோடு கலக்கின்றது. அப்பகுதி காவிரிப் பாசனத்தின் கடைமடை. குறுவைக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் மரபு நாள் ஜூன் 12. அந்நாளுக்கு முன் வாய்க்கால் தூர்வாரப்பட்டதா என்பதே கடைமடை உழவரின் முதற் கேள்வி. மண்ணும் ஆகாயத்தாமரையும் அடைத்த வாய்க்காலுக்குக் கரையை மட்டும் உயர்த்துவதால் பயனில்லை என்பதை அவர்கள் நன்கறிவர். லினக்ஸ் கணினியின் வேர்ப்பாகம் நிரம்பும்போது செய்யத்தக்கது யாது என்னும் வினாவிற்கும் இவ்வறிவே விடையாகின்றது. முதலில் அடைப்பைக் காணல், அடுத்துத் தூர்வாரல், இறுதியாகவே விரிவாக்கல் என்னும் ஒழுங்கை மாணவர்க்கு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லினக்ஸும் நம் நாடும்

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட கெர்னலிலிருந்து வளர்ந்தது லினக்ஸ். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். சென்னையிலுள்ள சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதற் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. ஒரே வட்டை இரண்டு இயங்குதளங்கள் பங்கிட்டுக்கொள்ளும்போது லினக்ஸின் பங்கு சிறுத்துப்போவதுண்டு. பங்கு சிறிதாயின் அது நிரம்புவதும் விரைவேயாகும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வேளாங்கண்ணிக் கடற்கரையில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுசென்றது. அதே பேரலை இலங்கையைத் தாக்கியபோது, அந்நாட்டுக் கணினி வல்லுநர்கள் தன்னார்வத்துடன் ஒன்றுகூடிச் 'சஹானா' என்னும் கட்டற்ற மென்பொருளைச் சில வாரங்களில் உருவாக்கினர். காணாமற்போனோர் பதிவேடு அதன் முக்கியப் பகுதிகளுள் ஒன்று. இத்தகைய பதிவேட்டைத் தாங்கும் கணினியில் இடம் தீர்ந்துபோனால் புதிதாக ஒரு பெயரைக்கூட எழுத இயலாது. வட்டு நிரம்புதல் என்பது வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று என்பதற்கு இதுவே சான்றாகும்.

வேர்ப்பாகம் யாது?

ஒரு குடும்பத்தின் நிலத்தைப் பாகப்பிரிவினை செய்வதுபோல ஒரு வட்டையும் பாகங்களாகப் பிரிக்கலாம். பார்ட்டிஷன் என வழங்கப்படும் இப்பாகங்களுள், இயங்குதளத்தின் கோப்புகள் அனைத்திற்கும் மூலமாய் நிற்பது ரூட் பார்ட்டிஷன். அதனையே இங்கு வேர்ப்பாகம் என்கிறோம். சாய்கோடு ஒன்றே அதன் அடையாளம்.

வேர்ப்பாகம் நிரம்பும் தொல்லை லினக்ஸைவிட மூத்தது. லினக்ஸுக்கு முன்னோடியாகிய யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. 1970களின் தொடக்கத்தில் அதன் நிரல்கள் முதல் வட்டில் அடங்காமற்போயின. அப்போது பயனர்களின் கோப்புகளுக்கென இருந்த 'யு.எஸ்.ஆர்.' என்னும் இரண்டாம் வட்டிற்கு அவை இடம்பெயர்ந்தன. இன்றும் லினக்ஸில் நிரல்கள் அப்பெயருடைய அடைவில் இருப்பது அன்றைய இடநெருக்கடியின் சுவடேயாகும்.

வேர்ப்பாகம் நிரம்பினால் புதிய மென்பொருளை நிறுவ முடியாது, தரவுத்தளம் நின்றுபோகும், கடவுச்சொல் சரியாக இருப்பினும் உள்நுழைவுத் திரையே மீண்டும் மீண்டும் தோன்றும். ஆயினும் கதவு முற்றிலும் அடைபட்டுவிடுவதில்லை. பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, மொத்த இடத்தில் 5 விழுக்காட்டை ரூட் என்னும் மேலாளருக்கென இயல்பாகவே ஒதுக்கி வைக்கின்றது. எனவே எழுத்துத் திரையிலோ மீட்புநிலையிலோ மேலாளராக உள்நுழைந்து பணியாற்ற இயலும். வீட்டில் விதைநெல்லை உணவுக்கு எடுக்காது காப்பதுபோன்ற ஏற்பாடு இது.

அடைப்பைக் காணல்

முதற் கட்டளை 'டி.எஃப். -எச்'. எந்தப் பாகத்தில் எவ்வளவு இடம் மிஞ்சியுள்ளது என்பதை அது காட்டும். அடுத்தது 'டி.யு.'. எந்த அடைவு எவ்வளவு இடத்தைக் கொண்டுள்ளது என்பதை அது கணக்கிடும். அதனுடன் 'எக்ஸ்' என்னும் குறியைச் சேர்த்தால் பிற பாகங்களுக்குள் நுழையாமல் வேர்ப்பாகத்தை மட்டும் அளக்கும். பெரிய அடைவினுள் நுழைந்து, அதனுள் பெரியதைத் தேடி, இவ்வாறே சென்றால் அடைப்பு புலப்படும். 

இவ்விரு கட்டளைகளின் கணக்கால் மட்டும் அடைப்பு விளங்காத நிலைகள் மூன்று உண்டு. அவற்றை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும்.

ஒன்று: கோப்பு நீக்கப்பட்டிருக்கும், ஆனால் ஏதேனும் ஒரு நிரல் அதனை இன்னும் திறந்து வைத்திருக்கும். அந்நிரல் விடும்வரை இடம் திரும்பாது. 'எல்.எஸ்.ஓ.எஃப்.' கட்டளையால் அந்நிரலை அறிந்து, அதனை நிறுத்தித் தொடங்கினால் இடம் விடுபடும்.

இரண்டு: இடம் இருக்கும், ஆனால் ஐநோடு தீர்ந்திருக்கும். ஐநோடு என்பது ஒவ்வொரு கோப்புக்கும் உரிய பதிவுச்சீட்டு. இலட்சக்கணக்கான சிறுகோப்புகள் குவிந்தால் சீட்டுகள் தீர்ந்துபோகும். 'டி.எஃப். -ஐ' இதனைக் காட்டும்.

மூன்று: மறைந்து கிடக்கும் கோப்புகள். ஒரு துறையில் பழைய நூல்களின் படப்பிரதிகள் இரவுதோறும் வெளிவட்டிற்குப் படியெடுக்கப்படுகின்றன எனக் கொள்வோம். ஒருநாள் வெளிவட்டு இணைக்கப்படவில்லை. படிகள் யாவும் அதே பெயருடைய வெற்று அடைவில், அதாவது வேர்ப்பாகத்திலேயே, எழுதப்பட்டுவிடும். மறுநாள் வட்டை இணைத்தால் அவை அதனடியில் மறைந்துகொள்ளும். இணைப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தால்தான் அவை தெரியும்.

தூர்வாரல்

தூர் எது, வாய்க்கால் எது எனப் பகுத்தறிந்த பின்னரே மண்வெட்டியை எடுத்தல் வேண்டும். டெபியன் வழிவந்த பாஸ், உபுண்டு ஆகியவற்றில் அச்சமின்றி நீக்கத்தக்கவை சில உள்ளன. நிறுவி முடித்த மென்பொருள் பொதிகளின் படிகளை 'ஏப்ட் கிளீன்' நீக்கும். பழைய கெர்னல்களையும் தேவையற்ற துணைப்பொதிகளையும் 'ஏப்ட் ஆட்டோரிமூவ்' நீக்கும். நீக்கப்படுவனவற்றின் பட்டியலை அது முதலில் காட்டும். அதனைப் படித்த பின்னரே இசைவளித்தல் நன்று. கணினியின் நாட்குறிப்புகளை 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையின் 'வேக்யூம்' வசதியால், 200 மெகாபைட் என்பதுபோல் ஓர் அளவுக்குக் குறைக்கலாம். பதிவுக்கோப்பு ஒன்று பெருத்திருப்பின், எந்த நிரலின் பிழை அதனை எழுதுகிறது எனப் படித்தறிதல் முதற் கடமை. காரணத்தைக் களையாமல் கோப்பைக் களைந்தால் சில நாளில் அது மீண்டும் பெருகும்.

கைவைக்கத் தகாதவையும் உள. 'ஈடிசி', 'யு.எஸ்.ஆர்.', 'லிப்' ஆகிய அடைவுகளில் எதையும் கையால் நீக்கலாகாது. 'வார்' அடைவிலுள்ள 'லிப்' பகுதியில் தரவுத்தளங்களும் பொதிகளின் பதிவேடுகளும் உள்ளன. பெரிதாயிருக்கிறது என்பதனாலேயே ஒன்று குப்பையாகிவிடாது.

விரிவாக்கல்

தூர்வாரிய பின்னும் இடம் போதாதெனின் விரிவாக்கலே வழி. இதற்கு மூன்று முறைகள் உள்ளன.

எல்.வி.எம். எனும் ஏற்பாடு இருப்பின் பணி எளிது. அதில் வட்டின் இடம் முழுவதும் ஒரு பொதுக் களஞ்சியமாகக் கருதப்பட்டு, வேண்டிய அளவு ஒவ்வொரு பாகத்திற்கும் வழங்கப்படுகிறது. களஞ்சியத்தில் மீதம் உள்ளதா என்பதை 'வி.ஜி.எஸ்.' காட்டும். இருப்பின் 'எல்வி எக்ஸ்டெண்ட்' கட்டளையுடன் 'ஆர்' குறியைச் சேர்த்தால் பாகமும் அதன்மேலுள்ள கோப்பு முறைமையும் ஒருங்கே விரியும். உபுண்டு சர்வரை நிறுவும்போது களஞ்சியத்தின் ஒரு பகுதி பங்கிடப்படாமலே விடப்படுவதுண்டு. ஆதலால் புதுவட்டு வாங்குமுன் இதனை நோக்குதல் நலம்.

எல்.வி.எம். இல்லையெனின் நிலத்தின் அமைப்பே முடிவுசெய்யும். வேர்ப்பாகத்தின் முடிவை ஒட்டி வெற்றிடம் இருந்தால் பாகத்தை நீட்டி, 'ரீசைஸ்2எஃப்எஸ்' கட்டளையால் எக்ஸ்ட்4ஐ விரிக்கலாம். கணினி இயங்கும்போதே இது நடைபெறும். இடையில் வேறொரு பாகம் இருப்பின் அதனைச் சுருக்கியோ நகர்த்தியோதான் வழிசெய்ய வேண்டும். எக்ஸ்ட்4ஐச் சுருக்குவதற்கு அது பயன்பாட்டில் இல்லாதிருத்தல் கட்டாயம். ஆகவே ஜிபார்ட்டெட் உள்ள யூ.எஸ்.பி. கருவியிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். விண்டோஸின் பாகத்தை விண்டோஸின் கருவியாலேயே சுருக்குதல் பாதுகாப்பானது. நகர்த்தும் பணி நெடுநேரம் பிடிக்கும்; இடையில் மின்சாரம் நின்றால் எல்லாம் பாழாகும். 2018 நவம்பரில் கஜா புயலைக் கண்ட நம் மாவட்டத்தார்க்கு மின்தடையைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது முறை, 'ஹோம்' அடைவை வேறொரு பாகத்திற்கு மாற்றுதல். 'ஆர்சிங்க்' கொண்டு உரிமைக்குறிப்புகளுடன் படியெடுத்து, 'எஃப்ஸ்டேப்' கோப்பில் புதிய பாகத்தைப் பதிந்து, சரிபார்த்த பின்னரே பழையதை நீக்க வேண்டும். யூனிக்ஸின் முன்னோர் கண்ட வழியும் இதுவே.

அமானிதம் என்னும் கடமை

மேற்கூறிய எதனைத் தொடங்குமுன்னும் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அது, கோப்புகளை வேறொரு வட்டிற்குப் படியெடுத்து, அப்படி திறக்கிறதா எனப் பார்த்தல். பதற்றத்தில் 'எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவிவிடுவோம்' என எழும் எண்ணமே பேரிழப்பிற்கு வழியாகின்றது. இயங்குதளத்தை ஒரு மணிநேரத்தில் மீண்டும் நிறுவிவிடலாம். அச்சில் அரிதாகிவிட்ட இசுலாமியத் தமிழ் நூல் ஒன்றின் படப்பிரதியையோ, அரபுத்தமிழ் ஏடு ஒன்றின் ஒளிப்படத்தையோ அவ்வாறு மீட்க முடியாது. மூல ஏடு செல்லரித்துப் போயிருப்பின் அப்படியே உலகில் எஞ்சிய ஒரே சான்றாகவும் இருக்கலாம். பிறர் நம்மிடம் ஒப்படைத்தது அமானிதம். அதனைக் காத்தல் நம் கடமை. அவ்வாறே வீண்விரயம் நம் மார்க்கம் விலக்கியது. தேவையற்ற படிகளை வட்டில் குவித்துவைத்துப் புதுவட்டு வாங்குவதும் விரயத்தின் பாற்பட்டதேயாகும்.

முடிவுரை

வேர்ப்பாகம் நிரம்பியது என்னும் செய்தி இடம் போதாமையைக் குறிக்கலாம். கவனம் போதாமையையும் குறிக்கலாம். எது என்பதை அளந்தறிந்த பின்னரே கைவைத்தல் அறிவுடைமை. படியெடுத்தல், காணல், தூர்வாரல், விரிவாக்கல் என்னும் வரிசை மாறாதிருப்பின் இழப்பு நேர வழியில்லை. மாதம் ஒருமுறை 'டி.எஃப்.' கட்டளையை இட்டுப் பார்க்கும் பழக்கம் மாணவர்க்கு வாய்க்குமாயின் இவ்விடர் பெரும்பாலும் எழாது. தண்ணீர் வருமுன் வாய்க்காலைப் பார்த்துவரும் கடைமடை உழவரின் வழக்கமும் இதுவே. நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவற்றைக் காக்கும் ஆற்றலை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.